காற்றின் திசையை எழுதியவர்

ஐயா, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் யூஜென் பூதான் வரைந்த, பிரான்சின் த்ரூவில் கடற்கரை ஓவியங்களைப் பார்த்தேன். பெரும்பகுதி வானம்தான், மனிதர்கள் அடியில் சிறு புள்ளிகள். புகழ்பெற்ற ஓவியர் மொனேயின் ஆசான் என்பதைத் தவிர இவரிடம் கொண்டாட என்ன இருக்கிறது? நானும் வரைகிறேன். வெளியில் நிற்க நேரமில்லை என்பதால் கைபேசியில் படமெடுத்து வந்து வீட்டில் வரைகிறேன். அது போதாதா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் பூதானின் வானங்களோடுதான் இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

யார் பெரியவர் என்ற கேள்வியை விடுங்கள். லெ ஹாவ்ர் நகரில் கேலிச்சித்திரம் வரைந்து விற்ற இளைஞன் மொனேயை வெட்டவெளிக்கு அழைத்துப் போனவர் பூதான். மொனே அதைக் கடைசிவரை நன்றியோடு சொன்னார். அது போதும்.

பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1859இல் எழுதிய ஓவிய விமர்சனத்தில் ஒரு செய்தி வருகிறது. பூதான் பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியால் தீட்டிய வானங்களின் ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்கிறார் அவர்.

காற்றை ஏன் குறிக்க வேண்டும்? பூதான் ஒன்ஃப்ளர் துறைமுகத்து மாலுமியின் மகன். மேகம் எந்தப் பக்கம் கிழியும், அதன் நிழல் விழுந்ததும் கடல் எப்படிக் கறுக்கும், பெண்களின் பாவாடை எப்படிப் புடைக்கும் என்பதெல்லாம் காற்றின் வேலை என்று அறிந்தவர். உங்கள் கைபேசிக்கு இதில் எது தெரியும்? வானத்தின் வெளிச்சத்தைக் குறைத்து, மணலின் வெளிச்சத்தைக் கூட்டி, இரண்டையும் சமன்செய்து கொடுத்துவிடுகிறது. கடற்கரை ஓவியத்தின் உயிரே அந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது! அதைத் தொலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து எதைத் தேடுகிறீர்கள்? மேகம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று கை முடிவெடுக்க வேண்டும். அந்த நெருக்கடியில்தான் கண் பழகும். பூதானும் பல ஓவியங்களை ஓவியக்கூடத்தில் முடித்தவர்தான். ஆனால் அப்போது அவர் கையில் இருந்த குறிப்போவியங்கள் வெளியில் நின்று தானே தீட்டியவை. நேரமில்லை என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

லண்டன் நேஷனல் கேலரியில் மொனே 1870இல் த்ரூவிலில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அதன் வண்ணத்தில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறது. காற்று கொண்டுவந்து சேர்த்தது.

வானம்தான் பெரும்பகுதி என்பதைக் கவனித்தீர்களே, அந்தக் கண்ணை நம்புகிறேன். சிறிய தாள்கள், நான்கைந்து பாஸ்டல் கட்டிகள், இவை போதும். மேகம் கலைந்தால் அடுத்த தாளை எடுங்கள். வரைந்தவற்றை எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் தேதியும் நேரமும் காற்றும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.