லண்டன் பெட்டியில் வந்த மலர் மருந்து: வீட்டில் யாருக்கு, எப்படி?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மச்சாள் மலர் மருந்துப் பெட்டி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். புலமைப்பரிசில் பரீட்சை எழுதவிருக்கும் மகன் காலையில் வயிற்றுவலி என்கிறான். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை எடுக்கும் மாமிக்கு இரவில் தூக்கமில்லை. எனக்கோ ஓயாத அலுப்பு. எல்லோரும் பாவிக்கலாமா? குடியை விட்ட கணவருக்குத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: கணவரைத் தவிர மற்றவர்கள் பாவிக்கலாம். ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எட்வர்ட் பாட்ச் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930களில் வகுத்த 38 மருந்துகள் இவை. பூக்களை நீரில் இட்டு வெயிலில் வைத்தோ கொதிக்கவைத்தோ எடுத்த நீரில் பிராந்தி சேர்த்து, பிறகு இன்னும் ஐதாக்குவார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், மருந்தில்லாத போலித் துளிகளைவிட இவை மேலான பலன் தருவதாகத் தெரியவில்லை என்று 2010இல் எழுதினார். மனதுக்கு ஆறுதலாக இருந்தால் நல்லது. நோய்க்கு மருந்தென்று நம்பிவிடாதீர்கள்.

ஆளுக்கு ஒரு 30 மில்லிலீற்றர் துளிப்போத்தல் எடுங்கள். கொதித்தாறிய தண்ணீர் நிரப்பி, தெரிவுசெய்த மருந்து ஒவ்வொன்றிலும் 2 துளி விடுங்கள். அதிலிருந்து 4 துளி, நாளுக்கு 4 தடவை. ஆறேழு மருந்தைச் சேர்ப்பவர்களும் உண்டு, எனக்கு இரண்டே போதும் என்று படுகிறது. பிராந்தி சேர்க்காத கலவை கொழும்பு வெக்கைக்குத் தாங்காது. ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு கிழமையில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். துளிக்குழாய் நாக்கில் படக்கூடாது.

மகனுக்கு எதைக் கொடுப்பது? இந்த முறையில் வருத்தத்தைப் பார்ப்பதில்லை, மனநிலையைத்தான் பார்ப்பார்கள். இன்னதுக்குப் பயம் என்று சொல்லக்கூடிய பயத்துக்கு மிமுலஸ், ‘என்னால் ஏலாது’ என்ற எண்ணத்துக்கு லார்ச். இரண்டில் எதுவென்று தெரிய நீங்கள் பிள்ளையிடம் கேட்டே ஆகவேண்டும். உண்மையைச் சொன்னால், பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். ரியூசனுக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் நடுவில் அவனிடம் ‘எது பயம்?’ என்று கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. பயம் புள்ளியைப் பற்றியதா, ரீச்சரைப் பற்றியதா, உங்கள் முகம் வாடுவதைப் பற்றியதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் வயிற்றுவலி லீவு நாளிலும் வந்தால், நித்திரையிலிருந்து எழுப்பினால், காய்ச்சலோ நிறை குறைவோ சேர்ந்தால் டொக்டரிடம் போங்கள்.

ஒரே எண்ணம் தலைக்குள் சுழன்று தூக்கம் வராதவர்களுக்கு வைட் செஸ்நட் சொல்வார்கள். மாமியின் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது மாத்திரைப் பையை. பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் சலம் போக வைப்பவை. அதைப் பின்னேரம் எடுத்தால் இரவில் இரண்டு மூன்று தரம் எழும்ப வேண்டிவரும். சீனி கூடியிருந்தாலும் அப்படித்தான். நேரத்தை நீங்களாக மாற்றாமல், கிளினிக்கில் கேளுங்கள். பகல் தூக்கத்தையும் ஆறு மணித் தேத்தண்ணியையும் கொஞ்சம் கவனியுங்கள். துளி குடிக்கிறோமே என்று எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது.

உங்களுக்கு? களைத்துப்போனவர்களுக்கு ஒலிவ், பொறுப்பு தலைக்குமேல் போனவர்களுக்கு எல்ம். அலுப்பு பல கிழமையாக நீடித்தால் இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் சோதிப்பது நல்லது. மனம் அடியோடு சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வீட்டில் யாருக்கு வந்தாலும் துளியோடு நிற்காமல் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

கணவரின் தேத்தண்ணியில் கலப்பதற்கு என் பதில் ‘வேண்டவே வேண்டாம்’. மூலப் போத்தலில் இருப்பது பிராந்தி. நாலு துளியில் மதுசாரம் மிகக் கொஞ்சம்தான், பிள்ளைக்கும் மாமிக்கும் தண்ணீரில் கலந்து கொடுப்பதில் அது பொருட்டில்லை. குடியை விட்டவரின் கதை வேறு. குடியை விட்டவர்களுக்குத் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை அவர் எடுப்பவராக இருந்தால் மதுசாரம் பட்டாலே முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரக்கூடும். அது இல்லாவிட்டாலும், மனைவி தெரியாமல் பிராந்தி கலந்தார் என்று ஒருநாள் தெரியவந்தால் என்ன நினைப்பார்? அவரே விரும்பிக் கேட்டால் கிளிசரினில் செய்த, மதுசாரம் இல்லாத வகை இருக்கிறது. லேபலை வாசித்து வாங்குங்கள்.