ஆசிரியை சொன்ன ‘குழப்படி’

வணக்கம். டொரான்டோவில் மகனுக்குத் தமிழ் சொல்லித்தரும் யாழ்ப்பாணத்து ஆசிரியை, "உங்கள் மகன் சரியான குழப்படி" என்றாராம். பையனுக்குப் பாடம் புரியவில்லையோ என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பாடமெல்லாம் புரிந்திருக்கும், சேட்டைதான் தாங்கவில்லை! இலங்கைத் தமிழில் குழப்படி என்றால் குறும்பு. ‘சரியான’ என்பதும் அங்கே ‘மிகவும்’ என்ற பொருளில் வரும். பெரும்பாலும் செல்லமாகத்தான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் நமக்குக் குழப்பம் என்றதும் மனம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கூட்டத்தில் குழப்பம் விளைவித்தார்கள் என்று நம் செய்தித்தாள்களும் எழுதுகின்றனவே, அந்த ஒழுங்கைக் கெடுக்கும் பொருளுக்குப் பக்கத்து வீடுதான் குழப்படி. சோற்றில் ஊற்றும் குழம்பும் இதே குடும்பம்.

ஆசிரியைக்கு எழுதிவைத்திருக்கும் பதிலில் "நான் குழப்பிவிட்டேன்" என்று இருக்கிறது. நீங்கள் யாரையும் குழப்பவில்லை, குழம்பினீர்கள், ஆகவே "குழம்பிவிட்டேன்". அந்த நீண்ட மன்னிப்பும் வேண்டாம். "வீட்டிலும் குழப்படிதான், டீச்சர்" என்று ஒரு வரி போதும்.