சட்டக் கல்லூரியில் சேர: செட்டிநாட்டுப் பிள்ளைகள் கேட்டவை, பதில்கள்

காரைக்குடி, பிளஸ் ஒன் மாணவி: அண்ணே, வக்கீலுக்குப் படிக்க கிளாட் நுழைவுத் தேர்வு எழுதியே ஆகணுமா? ஒருத்தர் எழுதணும்கிறார், இன்னொருத்தர் பிளஸ் டூ மார்க்கே போதும்கிறார்.

ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். பேசுகிற கல்லூரிதான் வேறு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மார்க்கும் இடஒதுக்கீடும்தான் கணக்கு. மதுரை, திருச்சி, ராமநாதபுரம் மட்டுமில்லாமல் உங்கள் காரைக்குடியிலேயே ஒரு அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருக்கும் சீர்மிகு சட்டப் பள்ளியும் இதே பல்கலைக்கழகம்தான். அங்கேயும் மார்க்தான், போட்டி மட்டும் கூடுதல்.

கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, கொச்சி என்று நாடு முழுக்க இருபதுக்கும் மேல் இருக்கின்றன. நம் பக்கத்தில் திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருப்பது அதில் ஒன்று. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் கிளாட்டில் சேராமல் அய்லெட் என்று தனித் தேர்வு வைக்கிறது.

ஒன்றுக்குத் தயாராவது இன்னொன்றைக் கெடுக்காது. கிளாட் எழுதுகிறேன் என்று பிளஸ் டூ மார்க்கைக் கோட்டை விடுவதுதான் கெடுக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும்.

தேவகோட்டை, தமிழ்வழி மாணவன்: கிளாட் முழுக்க இங்கிலீஷாமே? எனக்குச் சட்டமும் தெரியாது, இங்கிலீஷும் சுமார்தான்.

சட்டம் தெரியாதது குறையே இல்லை தம்பி. இங்கிலீஷ் விஷயத்துக்கு வேலை செய்ய வேண்டும்.

மொத்தம் 120 கேள்வி, 120 நிமிடம். சரிக்கு 1 மார்க், தப்புக்கு 0.25 போகும். சட்டத் தர்க்கம் 28 முதல் 32 கேள்வி, நடப்பு நிகழ்வும் பொது அறிவும் 28 முதல் 32, ஆங்கிலம் 22 முதல் 26, தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. எல்லாமே பத்தி கொடுத்துக் கேட்பதுதான். ஒரு பத்தி 450 வார்த்தை வரை போகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்திகளே ஏறக்குறைய 10,000 வார்த்தை. நிமிடத்துக்கு 200 வார்த்தை படிக்கிறவருக்குப் பத்தியைப் படிக்க மட்டும் 50 நிமிடம். ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டம் நிரப்ப 5 விநாடி என்று வைத்தால் 120 வட்டத்துக்கு 10 நிமிடம். மிச்சம் 60 நிமிடத்தில் 120 கேள்வியையும் நான்கு நான்கு விடையையும் படித்து முடிவெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 வார்த்தைதான் வருகிறது என்றால் பத்திக்கே 80 நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும். நிறையப் பேர் தோற்பது இங்கேதான், சட்டம் தெரியாமல் இல்லை.

அதனால் முதல் மூன்று மாதம் கைடு எதையும் தொடாமல் படிக்கும் வேகத்தை மட்டும் கவனியுங்கள். தினமும் ஆங்கில நாளிதழில் ரெண்டு தலையங்கம், கடிகாரம் வைத்து. படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, கட்டுரை என்ன சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது, எதிர்த்தரப்பு யார் என்று மூன்றே வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. புரிந்ததா என்பதுதான் சோதனை. தெரியாத வார்த்தைக்கு உடனே அகராதியைத் திறக்காதீர்கள். சுற்றியிருக்கும் வாக்கியத்தை வைத்து ஊகித்துவிட்டு, கடைசியில் சரிபாருங்கள். தேர்வறையில் அகராதி இருக்காது, ஊகம்தான் இருக்கும்.

கானாடுகாத்தான், பிளஸ் டூ: சட்டத் தர்க்கத்தில் எனக்குத் தெரிந்த சட்டத்தை வைத்துப் போட்டாலும் தப்பாகிறது. ஏன்?

தெரிந்த சட்டத்தை வைத்துப் போடுவதால்தான். உங்கள் ஊரை வைத்தே ஒரு கேள்வி பார்ப்போம்.

பத்தி சொல்லும் விதி: 'ஒருவரின் இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தாலே அது அத்துமீறல், சேதம் எதுவும் ஏற்பட்டிருக்கத் தேவையில்லை.' சம்பவம்: ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்புக் கதவு திறந்து கிடக்கிறது. சுற்றுலா வந்தவர் ஒருவர் கூப்பிட்டுப் பார்க்காமல் முதல் முற்றமான வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு வரை போய், தூண்களைப் படம் எடுத்துவிட்டு எதையும் தொடாமல் திரும்புகிறார். வீட்டுக்காரர் வழக்குப் போடுகிறார். அத்துமீறலா?

விடைகள்: (அ) இல்லை, கதவு திறந்திருந்தது. (ஆ) இல்லை, திருடும் நோக்கமோ தொந்தரவு செய்யும் நோக்கமோ இல்லை. (இ) ஆம், அனுமதி இல்லாமல் நுழைந்தார். (ஈ) ஆம், படம் எடுத்தது வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுத்தது.

கைடு படித்த பிள்ளைகள் (ஆ)-வில் விழுவார்கள். குற்றவியல் அத்துமீறலுக்கு, அதாவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவுக்கு, கெட்ட நோக்கம் வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார்கள். அது குற்றவியல், பத்தி பேசுவது உரிமையியல் தவறு, அதாவது இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் வகை. (ஈ)-யில் முடிவு சரி, காரணம் பத்தியில் இல்லாதது. (அ) பத்தியில் இல்லாத ஒரு விதிவிலக்கைத் தானே உண்டாக்குகிறது. விடை (இ).

பத்தியில் உள்ள விதியைத் துண்டு துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்: அடுத்தவர் இடம், நுழைவு, அனுமதியின்மை. ஒவ்வொன்றும் சம்பவத்தில் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். 'ஆனால்', 'தவிர', 'இருந்தாலொழிய' என்ற பொருளில் வரும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். கேள்வி எடுப்பவருக்குப் பிடித்த இடமே அந்த விதிவிலக்குதான்.

பள்ளத்தூர்: அண்ணன் வைத்திருந்த பழைய ஐபிசி கைடு பயன்படுமா?

வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் ஐபிசி என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. எப்படியும் கிளாட்டில் பிரிவு எண் மனப்பாடம் கேட்பதில்லை. அதே அண்ணனிடம் பழைய கிளாட் வினாத்தாள் இருந்தால் வாங்குங்கள். 2020-க்குப் பிறகு வந்தவை மட்டும், அதற்கு முன் தேர்வின் வடிவமே வேறு.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: நடப்பு நிகழ்வுக்கு மாதாந்திரத் தொகுப்பு மனப்பாடம் செய்தால் போதுமா சார்?

தொகுப்பு திருப்பிப் பார்க்கத்தான் உதவும். கேள்வி ஒரு செய்தியின் பின்னணியிலிருந்து வரும். ஒரு செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன நடந்தது, எந்தச் சட்டம், எந்த அமைப்பு, முன்பு என்ன தீர்ப்பு இருந்தது என்று எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள் அமர்வு, பஞ்சாப் மாநில வழக்கு. உள்ஒதுக்கீடு கூடாது என்ற 2004-ன் சின்னையா தீர்ப்பை அது மாற்றியது. நம் மாநிலத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009-லேயே வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டால் நான்கு கேள்விக்குச் சரக்கு ஆச்சு. செய்தியைத் தமிழ்ப் பேப்பரில் முதலில் படித்துவிட்டு இங்கிலீஷில் படியுங்கள், வேகமாக ஏறும்.

ஆத்தங்குடி: கணக்கு என்றாலே பயம். மொத்தமாக விட்டுவிடலாமா?

12 மார்க்கை விட்டால் தரவரிசையில் எங்கோ போய்விடுவீர்கள். கேட்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான்: சதவீதம், விகிதம், சராசரி, லாப நட்டம், பரப்பளவு. உங்கள் ஊர்த் தரைக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 அடிக்கு 12 அடி அறை, ஒரு கல் 10 அங்குலச் சதுரம், உடைசலுக்கு 5 சதவீதம் கூடுதல். எத்தனை கல்? 180 சதுர அடியை 144-ஆல் பெருக்கினால் 25,920 சதுர அங்குலம். 100-ஆல் வகுத்தால் 259.2. அதோடு 5 சதவீதம் சேர்த்தால் 272.16, அதாவது 273 கல். அடியையும் அங்குலத்தையும் கலப்பதும், கடைசியில் 272 என்று குறைத்து முழுமையாக்குவதும்தான் பிள்ளைகள் சறுக்கும் இடம். தினம் 20 நிமிடம், கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

புதுவயல்: தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, குத்துமதிப்பாகப் போடுவதா?

நான்கில் ரெண்டைத் தள்ள முடிந்தால் போட்டுவிடுங்கள், சராசரியாக 0.375 மார்க் லாபம். ஒன்றைத் தள்ளினால் சுமார் 0.17. கண்ணை மூடிப் போட்டால் 0.06, அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள். பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது என்பதால் ஒரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை மொத்தமாக நிரப்புங்கள். எல்லாவற்றையும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்தால் ஒரு வட்டம் தள்ளி நிரப்பி, வரிசையே சரிந்துவிடும்.

கண்டனூர், ஒரு ஆச்சி: பேரனுக்கு விண்ணப்பம் போடணும். எங்க வீட்டு இனிஷியலே நாலு எழுத்து. எதைப் போடுறது?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடச் சொல்லுங்கள் ஆச்சி. வீட்டு வழக்கம் எப்படி இருந்தாலும் சான்றிதழ்தான் பேசும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள், கலந்தாய்வு நேரத்தில் அலைய முடியாது.

கிளாட் விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும், அக்டோபர் வாக்கில் மூடும். கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 3,500. தேர்வின் பெயரில் உள்ள ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளாட் 2026 என்பது 2025 டிசம்பர் 7-லேயே நடந்து முடிந்தது. பேரன் பிளஸ் டூ படிக்கும் ஆண்டு டிசம்பரிலேயே தேர்வு, பொதுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருஷம் போய்விடும்.

ரெண்டு சான்றிதழில் எல்லோரும் மாட்டுகிறார்கள். மாநிலத்தின் சாதிச் சான்றிதழ் வேறு, மத்திய அரசுப் படிவத்தில் வரும் ஓபிசி சான்றிதழ் வேறு. பிசி அட்டையைக் காட்டி ஓபிசி இடம் கேட்டால் நிராகரிப்புதான். அதேபோல பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்றிதழ் அந்தந்த நிதியாண்டுக்குத்தான் செல்லும், பழையது உதவாது. விண்ணப்பத்தில் இருப்பிட மாநிலம் கேட்கும் இடத்தில் தமிழ்நாடு என்று குறிக்க மறந்தால் திருச்சிப் பல்கலைக்கழகத்தின் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கை நழுவும். பேரன் பெங்களூரில் பத்து வருஷம் படித்திருந்தால் அங்கே கர்நாடக மாணவர் பிரிவில் கேட்க முடியும், அதையும் பாருங்கள்.

காரைக்குடி, பிளஸ் டூ: மாதிரித் தேர்வு எத்தனை எழுதணும்?

ஆகஸ்டிலிருந்து வாரம் ஒன்று, அக்டோபர், நவம்பரில் வாரம் ரெண்டு. உண்மைத் தேர்வு மதியம் 2 மணிக்கு. நீங்களும் சாப்பிட்ட பிறகு 2 மணிக்கே எழுதுங்கள், தூக்கம் வரும் நேரம் அது. எழுத ரெண்டு மணி நேரம் என்றால் திருத்திப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: பத்தி புரியவில்லை, கேள்வியில் இருந்த 'அல்லாதது எது' கண்ணில் படவில்லை, வெளி அறிவைக் கொண்டுவந்தேன், நேரம் இல்லை. ஐந்து தேர்வுக்குள் எது உங்கள் வியாதி என்று தெரிந்துவிடும். திருத்தாமல் ஐம்பது எழுதினாலும் மார்க் அங்கேயே நிற்கும்.

அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான் வரும். அதனால் பள்ளிப் பாடத்தை அக்டோபருக்குள் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். தேர்வு மையமாக மதுரையையோ திருச்சியையோ கேளுங்கள். முந்தைய நாளே போய்த் தங்க முடிந்தால் நல்லது.

கோட்டையூர், ஒரு அப்பா: கலந்தாய்வில் எவ்வளவு பணம் தயாராக வைக்கணும்?

கிளாட் கலந்தாய்வில் சேரவே பொதுப் பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 என்று வாங்கியிருக்கிறார்கள். இடம் கிடைத்ததும் உறுதிக் கட்டணம் தனி. ஒவ்வொரு சுற்றிலும் கெடு சில நாள்தான், அதைத் தவறவிட்டால் இடம் போகும். கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் வரும், விடுதியும் சேர்த்து. வங்கிக் கடனுக்கு டிசம்பரிலேயே பேசி வையுங்கள்.

விருப்ப வரிசையை 'நம்ம ரேங்குக்கு இது கிடைக்கும்' என்று ஊகித்து எழுதாதீர்கள். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். எட்டாத கல்லூரியை மேலே வைத்ததால் கீழே உள்ளது பறிபோகாது. கிடைத்ததே போதும் என்றால் ஃப்ரீஸ், மேலே உள்ளதற்குக் காத்திருக்க ஃப்ளோட். ஃப்ளோட் போட்டபின் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் திரும்பாது.

திருப்பத்தூர், அரசுப் பள்ளி மாணவி: எங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குன்னு அக்கா சொன்னாங்க, உண்டா?

உண்டும்மா. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ன் சட்டப்படி 7.5 சதவீதம், மாநிலச் சட்டப் படிப்புகளுக்கும் சேர்த்து. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. எல்லா வகுப்புக்கும் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டும்.

காரைக்குடி, கடை வைத்திருக்கிறவர்: பி.காம். முடித்து 15 வருஷம் ஆச்சு. இப்போ சட்டம் படிக்கலாமா? தபாலில் முடியுமா?

படிக்கலாம். மூன்றாண்டு எல்எல்பி, அதுவும் பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத்தான், கிளாட் வேண்டாம். தபாலில் படித்த எல்எல்பியை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. நேரடி வகுப்புதான், 70 சதவீத வருகை வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியிருந்தால் தகுதி இல்லை, அதை முதலில் பாருங்கள். படித்து முடித்ததும் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு வக்கீல் தொழில் செய்வதற்கான தகுதித் தேர்வான அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். கடையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விண்ணப்பியுங்கள்.