ஏரி யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நான் அம்பத்தூரில் வசிக்கிறேன். அம்மா திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். ஒன்றரை ஆண்டாக எங்கள் ஏரியில் இரவு நேரத்தில் குப்பை லாரிகளும் செப்டிக் டேங்க் கழிவுநீர் லாரிகளும் கொட்டிவிட்டுப் போகின்றன. போன மார்கழியில் நாரைகளும் வாத்துகளும் செத்து மிதந்தன. கிணற்று நீர் நாறுகிறது. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "தலைவர் இல்லை, நிதியும் இல்லை" என்கிறார்கள். ஆட்சியரிடம் மூன்று முறை மனு கொடுத்தேன், முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் பேசினேன். "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு சரி. நான் அந்த ஊர் வாக்காளர் இல்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்த மூன்று மனுக்களையும் படித்தேன். மூன்றும் நல்ல தமிழில், படிப்பவர் மனம் இளகும்படி இருக்கின்றன. சிக்கலே அங்குதான். "தாங்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கும் மனுவுக்கு ஓர் அதிகாரி கருணை காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். ஏரியைக் காப்பது கருணையில் சேராது. சட்டம் யாரோ ஒருவர் தலையில் ஏற்றிவைத்த கடமை அது. அந்த ஒருவர் யார் என்று உங்கள் மனுக்கள் எங்கும் சொல்லவில்லை. ஆட்சியருக்குப் போனது கோட்டாட்சியர், வட்டாட்சியர் வழியாக இறங்கிக் கிராம நிர்வாக அலுவலர் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் ஏரிக்கரையில் நின்று என்ன செய்வார், பாவம்.

ஆகவே முதல் கேள்வி: இது யாருடைய ஏரி? தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டின், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டின், நகலை எடுத்துவிடுங்கள். அதில் "ஏரி" என்றோ "ஏரிப் புறம்போக்கு" என்றோ இருக்கும். ஏரி எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் எழுத்தாக வாங்குங்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதி, "ஏரி எங்களுடையதல்ல" என்று இரண்டு துறைகள் ஒன்றையொன்று கைகாட்டியதிலேயே இரண்டு வருடத்தைத் தின்றவை. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் இந்த விளையாட்டு முடிந்துவிடும்.

தகவல் மனுவை எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் கேட்பதாகாது, விளக்கம் கேட்பதாகும் என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன தேதியிட்ட என் மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள் அனைத்தின் நகல், அது எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது என்ற பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். சங்கத்தின் பெயரில் கேட்காதீர்கள், குடிமகள் என்ற முறையில் உங்கள் பெயரில் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், 5 நாட்களுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம் போகும் என்று சட்டம் சொல்கிறது. ஆணையத்தில் காத்திருப்பு நீளம் என்பது உண்மைதான். ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே பலருக்குக் கோப்பு கிடைத்துவிடுகிறது.

இனி "தலைவர் இல்லை" என்ற பதில். உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நாற்காலி காலியாகலாம், ஊராட்சி காலியாவதில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110-ஆம் பிரிவில் தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர் ஆகியவற்றைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாக வைத்திருக்கிறது. தலைவரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்தக் கடமையையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்.

"நிதி இல்லை" என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்றொரு நகராட்சி. திறந்த சாக்கடையும் கழிவுமாகக் கிடந்த ஒரு பகுதியின் மக்கள், பொதுத்தொல்லையை அகற்றும்படி குற்றவியல் நடுவரிடம் போனார்கள். நடுவர் உத்தரவிட்டார். நகராட்சி, பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மக்கள் மானத்தோடும் நலத்தோடும் வாழ்வதற்கான அடிப்படைக் கடமையிலிருந்து ஓர் உள்ளாட்சி பணமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். வக்கீல் நோட்டீஸ் எழுதும்போதெல்லாம் ரத்லத்தை ஒரு வரியாவது சேர்ப்பது என் வழக்கம். அத்துடன், 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதையும் அதே தகவல் மனுவில் கேட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு வெளியே வந்தபின் "நிதி இல்லை" என்ற பதில் அவ்வளவு உரத்து வராது.

ரத்லம் மக்கள் நடந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152. உங்கள் கோட்டாட்சியரிடம் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தனி மனு கொடுங்கள். இது குறைதீர் மனுவில் சேராது. அவர் நடுவர் என்ற முறையில் விசாரித்து உத்தரவிட வேண்டிய மனு. செலவு குறைவு. ஊருக்கு நூறு மைல் தள்ளி யாரும் அலைய வேண்டியதில்லை.

வழக்கு என்றால் எங்கே? சென்னை சேப்பாக்கத்தில், பழைய நவாப் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹாலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து உங்களுக்கு அதுவே பக்கம். நட்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் அங்கே கட்டுப்படுத்தாது.

காலக்கெடு விஷயத்தில் மட்டும் கவனம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். உங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஆட்சியரின் பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதால் கடிகாரம் நிற்காது. மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை இதுவே. நல்லவேளையாக 15-ஆம் பிரிவு இருக்கிறது. கெட்டுப்போன சுற்றுச்சூழலை மீட்டுத் தரக் கேட்பதற்கு 5 ஆண்டு அவகாசம் தருகிறது. உங்கள் கோரிக்கை "கொட்டுவதை நிறுத்துங்கள்" என்பதோடு நிற்கக் கூடாது. "ஏரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், செலவை மாசுபடுத்தியவரிடம் வாங்குங்கள்" என்று இருக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உறுதிப்படுத்தியது. தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

தீர்ப்பாயம் பெரும்பாலும் முதலில் ஒரு கூட்டுக் குழுவை அமைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆட்சியரின் பிரதிநிதி என்று சிலர் வந்து பார்ப்பார்கள். குழு வரும் நாளுக்கு முதல் நாள் ஏரிக்கரை திடீரென்று சுத்தமாகிவிடும், பிளீச்சிங் பவுடர் பாதையெல்லாம் கோலம் போட்டதுபோல் கிடக்கும். அன்று அம்மாவும் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேரும் அங்கே இருக்க வேண்டும். எங்கே மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும், எந்த மதகடியில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று காட்ட வேண்டியவர்கள் அவர்களே. நீங்கள் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீருக்குச் சட்ட மதிப்பு குறைவு. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி வாரியம் முறையாக எடுக்கும் மாதிரிக்கே எடை.

உயர் நீதிமன்றத்தில் செயலுறுத்தும் நீதிப்பேராணை, அதாவது கடமையைச் செய்யும்படி அதிகாரிக்கு இடும் ஆணை, கேட்பதும் வழிதான். குடிநீருக்கு அதுவே பொருத்தம். ஆனால் "மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்கவும்" என்ற உத்தரவோடு வீடு திரும்பிவிடாதீர்கள். பரிசீலித்தேன், நிராகரித்தேன் என்று அதிகாரி எழுதிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பம். 110-ஆம் பிரிவு, இன்ன கடமை, இன்ன அலுவலர், இன்ன தேதிக்குள் என்று வேண்டுதல் குறிப்பாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீருக்கான அளவுகோலும் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் எத்தனை குடம் வருகிறது என்று அம்மாவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதக் கணக்கு போதும்.

பறவைகளுக்கு வருவோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் இல்லை. பறவைகள் செத்ததை நீர் மாசின் சான்றாக அங்கே வைக்கலாம், ஆனால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை அங்கே கிடைக்காது. அதற்கு வனத்துறை. 1972-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் விஷம் வைப்பதும், கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தேவையில்லை. மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். அவர் அசையாவிட்டால் 55-ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். யாரும் செய்வதில்லை என்பதாலேயே அந்த அறிவிப்புக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது. செத்த நாரை ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். செத்துக் கிடக்கும் வனவிலங்கும் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்தில் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. இன்றே வனத்துறைக்கு எழுதி ஒப்படையுங்கள். எப்போது, எங்கே கிடைத்தது என்பதை மறைக்காமல் எழுதி, கால்நடை மருத்துவரைக் கொண்டு உடற்கூறாய்வு செய்யும்படி கேளுங்கள். இனிமேல் பறவையைத் தொடாமல், கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள். படங்களை அழிக்காமல் அந்தக் கைப்பேசியிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் வாக்காளர் இல்லை என்பது கிராம சபைக்கு மட்டுமே தடை. அங்கே அம்மா பேச வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், பொருத்தமான நாள். தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வராமல், பதிவேட்டில் எழுதவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்துக்கும் தகவல் மனுவுக்கும் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. சொல்லப்போனால் அவற்றுக்கு உங்கள் அம்பத்தூர் முகவரியே நல்லது. லாரி யாருடையது என்று ஊருக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தனியாக இருக்கும் அம்மாவின் பெயரை வாதியாகப் போட வேண்டாம். இரவில் லாரியை மறிக்க யாரும் போக வேண்டாம். வண்டி எண்ணும் நேரமும் போதும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாநில ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது அ-பதிவேட்டு நகல், மூன்று மனுக்கள், அவற்றை அனுப்பிய தபால் ரசீதுகள், 1100-இன் குறுஞ்செய்திப் படங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாகத் தைத்து எடுத்துச் செல்லுங்கள்.