எந்தப் புண்ணுக்கு எந்தக் களிம்பு?

கே: சிராய்ப்பு, சின்ன வெட்டு என்றால்கூட ஆன்டிபயாடிக் களிம்பு போட வேண்டுமா?

தேவையில்லை. மண்ணும் தூசியும் போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எந்தக் களிம்பைவிடவும் அதுதான் முக்கியம். பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடிவிடுங்கள், ஈரப்பதம் இருந்தால் புண் சீக்கிரம் ஆறும். தோலில் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 900 பேரிடம் பெட்ரோலியம் ஜெல்லியையும் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1996இல் வெளியானது. தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வாமைத் தடிப்பு வந்ததோ பாசிட்ராசின் போட்டவர்களுக்கு மட்டும்தான். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த களிம்புகளிலும் இந்த ஒவ்வாமைத் தொல்லை உண்டு. புண்ணைச் சுற்றி அரிப்பும் சிவப்பும் கூடினால் களிம்பையும் சந்தேகப்படுங்கள்.

கே: மியூபிரோசின், ஃப்யூசிடிக் ஆசிட் என்று இரண்டு ஆன்டிபயாடிக் களிம்புகள். எது மேல்?

தோலில் தேன் நிறத்தில் பொருக்கு கட்டும் புண்ணுக்கு இரண்டுமே நன்றாக வேலை செய்யும். இரண்டும் முக்கியமாக ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளுக்கானவை. சூடோமோனாஸ் கிருமியிடம் இரண்டும் எடுபடாது. மியூபிரோசினைப் பத்து நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். "இருக்கட்டும்" என்று தொடர்ந்து தடவினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கை கொடுக்காது. மூன்று முதல் ஐந்து நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் டியூபை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: தீக்காயத்துக்கு வெள்ளைக் களிம்புதானே போட வேண்டும்?

சில்வர் சல்ஃபாடயசினைச் சொல்கிறீர்கள். சூடோமோனாஸ் உட்படப் பல கிருமிகளைத் தடுப்பதால் 1960களின் கடைசியிலிருந்து பெரிய தீக்காயங்களுக்கு நிறையப் பயன்பட்டது. ஆனால் சின்ன, மேலோட்டமான தீக்காயம் ஆறுவதை அது தாமதப்படுத்தலாம். வெள்ளைப் படலம் படிந்துவிட்டால் காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் கணிக்கவும் முடியாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது. சுட்டவுடன் 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் பூச வேண்டாம்.

கே: கிருமிநாசினியான போவிடோன் அயோடினைத் தினமும் போடலாமா?

அழுக்குப் புண்ணுக்குச் சில நாள் போடலாம். தைராய்டு கோளாறு இருந்தாலோ, பெரிய பரப்பில் பூச வேண்டியிருந்தாலோ கேட்காமல் போடாதீர்கள்.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் புண் வந்து பல வாரம் ஆகிறது. மூன்று களிம்பு மாற்றிவிட்டோம், வலி இல்லை என்கிறார்.

வலி இல்லாததுதான் என்னைப் பயப்பட வைக்கிறது. நரம்பு உணர்விழந்திருக்கலாம், அதனால் அவர் அந்த இடத்தின் மேலேயே மிதித்து நடந்துகொண்டிருப்பார். அந்த அழுத்தத்தை எடுக்காமல் எந்தக் களிம்பும் ஆற்றாது. காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, தொற்று எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், செத்த தசையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். தொற்று உள்ளே இறங்கிவிட்டால் மாத்திரையோ ஊசியோதான், மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. தயவுசெய்து இந்த வாரமே கூட்டிப்போங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல், நாற்றம், கருமை தெரிந்தாலோ இன்றைக்கே.

கே: அரிப்புக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கலந்த கிரீம் வீட்டில் இருக்கிறது. புண்ணுக்குப் போடலாமா?

பெட்டியில் க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் வேண்டாம். அவை ஸ்டீராய்டு. சிவப்பை மறைத்து, உள்ளே தொற்றை வளரவிடும்.