பேச்சுப்போட்டியில் வென்றவருக்கு அலுவலகக் கூட்டத்தில் ஏன் நா எழுவதில்லை?

கேள்வி: பாடசாலைக் காலத்தில் பேச்சுப்போட்டி என்றால் முதற்பரிசு எனக்குத்தான். யாழ்ப்பாணத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்த பிறகு, கூட்டத்தில் என் முறை வந்தாலே தொண்டை அடைக்கிறது. உறவினர்களிடமும் நினைத்ததைச் சொல்ல முடிவதில்லை. வேலையிலும் வெளியிலும் துணிவாகவும் பயன்படும்படியும் பேச எப்படிப் பழகுவது?

பதில்:

நீங்கள் வாங்கிய பரிசுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பேச்சுப்போட்டி எப்படி நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். தலைப்பு முன்கூட்டியே வந்துவிடும். தமிழ் ஆசிரியர் எழுதித் தருவார், வீட்டில் அம்மாவோ அக்காவோ மனப்பாடம் கேட்பார். "நடுநிலை தவறாத நடுவர்களே" என்று தொடங்கி, மணி அடிப்பதற்குள் முடித்து இறங்கினால் கடமை தீர்ந்தது. இடையில் எழுந்து "அது எப்படி?" என்று கேட்க எவருக்கும் அனுமதி இல்லை. நீங்கள் சொன்னதை நம்பி மறுநாள் யாரும் எதையும் செய்யப்போவதுமில்லை. புள்ளிகள் எல்லாம் உச்சரிப்புக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் நிற்கும் தோரணைக்கும்தான்.

அலுவலகக் கூட்டத்திலும் உங்கள் மனம் அதே நடுவர்களைத் தேடுகிறது. மேசையைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் புள்ளியிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றினால் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்? அவர்களில் ஒருவர் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் தன் முறை வந்தால் என்ன சொல்வது என்று உங்களைப் போலவே பதறிக்கொண்டிருக்கிறார்.

நாவலர் பெயரில் எத்தனையோ போட்டிகள் நடத்துகிறோம். 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் நடத்தையை மாற்றவேண்டும் என்பதற்காகப் பேசியவர் அவர். நாம் அவரிடமிருந்து குரலை எடுத்துக்கொண்டு நோக்கத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நான் விவசாயப் போதனாசிரியை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக்காரர்களிடம் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "பிள்ளை, நீர் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் வெங்காயம் நடுகிறேன்" என்று தொடங்குபவரிடம் உச்சரிப்புச் சுத்தம் ஒன்றும் செய்யாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். இட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு, பாய்ச்சும் தண்ணீரோடு கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை இப்படியே தோட்டத்து வரப்பில் நின்று ஒப்புவித்தால் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே நான் காசில் தொடங்குவேன். "ஐயா, 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோதான். அதில் வெங்காயம் எடுக்காததற்கும் நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள். அது இப்போது உங்கள் கிணற்றுக்குள் இருக்கிறது." பிறகு, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்பேன். நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் என்பதை அப்போது சொன்னால் காது கொடுப்பார்கள். கடைசியில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: உரத்தை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். "விளங்கியதா?" என்று கேட்கமாட்டேன். அதற்கு எல்லாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "அப்படியென்றால் அடுத்த போகத்துக்கு எப்படிப் போடப்போகிறீர்கள் ஐயா?" என்று கேட்பேன். அவர் சொல்லும் பதிலில், நான் சரியாகச் சொன்னேனா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் கூட்டத்துக்கும் இதையே செய்து பாருங்கள். போகுமுன் ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள்: நான் பேசி முடித்ததும் யார் என்ன செய்யவேண்டும்? "வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும்" என்பதுபோல. அந்த வரி எழுத வராவிட்டால் அன்று பேசாமல் இருப்பதே நல்லது. எழுத வந்தால் அதிலேயே பேச்சைத் தொடங்குங்கள். பின்னணி, வரலாறு, "அனைவருக்கும் வணக்கம், எனக்கு இந்தச் சந்தர்ப்பத்தை அளித்த" எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

நடுக்கத்தைப் பற்றி ஒரு செய்தி. தோமஸ் கிலோவிச், கெனத் சவிட்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுபவர் தன் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று கண்டார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தபோது, பேசியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். ஆகவே உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: உங்கள் இதயம் அடிக்கும் சத்தம் எதிர்மேசைக்குக் கேட்காது.

பயிற்சிப்பட்டறைகளில் வரும் 55, 38, 7 கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பேச்சின் தாக்கத்தில் உடல்மொழி 55 வீதம், குரல் 38 வீதம், சொற்கள் வெறும் 7 வீதம் என்று திரையில் காட்டுவார்கள். அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967 இல் செய்த சோதனைகள் தனிச் சொற்களையும் முகபாவங்களையும் வைத்து, விருப்பு வெறுப்பை எப்படி உணர்கிறோம் என்று பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லுக்கு 7 வீதம்தான் மதிப்பென்றால், சிங்களம் தெரியாமலே சிங்களச் சுற்றறிக்கையைக் கையசைவால் விளங்கிக்கொள்ளலாமே!

துணிவு உண்மையில் சோதிக்கப்படுவது, சொல்ல நல்ல செய்தி இல்லாத நாளில்தான். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, முடிவெடுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், கேள்வி கேட்பவர்கள் எங்கள் முன்னால் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்படும்வரை, கூட்டம் என்றாலே கோபம்தான். அரசின் முடிவை நியாயப்படுத்தப் போனால் அடி விழும். "எனக்கும் பிடிக்கவில்லை" என்று சேர்ந்து புலம்பினால் அடுத்த முறை நம் சொல்லுக்கு மரியாதை இருக்காது. முதலில் அவர்களைக் கொட்டித் தீர்க்கவிடுவேன், இடைமறிக்காமல். பிறகு எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். பதிலோடு எந்த நாள் வருவேன் என்றும் சொல்வேன். அந்த நாளில் பதில் கிடைத்திருக்காவிட்டாலும் போய் நிற்பேன். வெறுங்கையோடு திரும்பி வந்தவளிடம் தோட்டக்காரர்கள் காட்டிய பொறுமையை எந்த மேடைப்பேச்சும் எனக்கு வாங்கித் தந்திருக்காது.

உறவினர் விடயம். அரச உத்தியோகம் கிடைத்த மறுமாதமே வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லி யாராவது வந்திருப்பார்கள், இல்லையா? இங்கே நாம் செய்வது காரணங்களை அடுக்குவது: சம்பளம் போதாது, ஏற்கெனவே ஒரு பிணை இருக்கிறது, அப்பாவைக் கேட்கவேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் பெரியப்பாவிடம் ஒரு தீர்வு இருக்கும். கடைசியில் உங்களிடம் காரணம் தீர்ந்துபோக, கையெழுத்து விழும். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் சம்பளத்தைத் தேடி வரும். "பெரியப்பா, நான் எவருக்கும் பிணை நிற்பதில்லை. விண்ணப்பம் நிரப்ப, வங்கிக்குக் கூட வர, என்னால் முடிந்த உதவி செய்வேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதன்பின் வரும் மௌனம் கனமாக இருக்கும். அதை நிரப்ப வாயைத் திறக்காதீர்கள், பெரியம்மா தேநீர் கொண்டுவரும்வரை பொறுத்திருங்கள்.

சிங்களத்தில் நடக்கும் கூட்டங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் வரும். வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்த உரிமையை மனதில் வைத்துக்கொண்டே, முதல் இரண்டு வாக்கியங்களைச் சிங்களத்தில் தயார்செய்து போங்கள். இலக்கணம் உடைந்தால் உடையட்டும். அதற்குப் பிறகு "மீதியைத் தமிழில் சொல்கிறேன்" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, மொழிபெயர்க்க ஒருவர் தாமாகவே முன்வருவார்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. உங்கள் அலுவலகத்தில், கூட்டத்தில் பேசியதையும் முடிவானதையும் பதியும் கூட்டறிக்கையை எழுத எல்லாரும் பின்வாங்குவார்கள். அதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். எழுதுபவருக்கு யாரையும் இடைமறிக்கும் உரிமை தானாக வந்துவிடும்: "முடிவு என்ன சேர்? யார் செய்வது? எந்தத் திகதிக்குள்?" யாரும் உங்களை அதிகப்பிரசங்கி என்று சொல்லமாட்டார்கள், வேலை அது. சில மாதங்களில், விவாதம் குழம்பினால் எல்லாரும் உங்கள் பக்கம் திரும்பி "என்ன முடிவெடுத்தோம்?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.