கேள்வி - பதில்: வெருகல் வரை நடை

கேள்வி: ஆடிவேல் காலத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக் குழுவோடு திருகோணமலையிலிருந்து வெருகல் வரை மட்டும் நடக்க நாங்கள் பத்துப் பேர் எண்ணியிருக்கிறோம். சிற்றூர்களில் தங்குவது எப்படி?
- வாசகி, உப்புவெளி

பதில்: கிண்ணியா, மூதூர் வழியாக ஏ15 வீதியில் போவீர்கள். தங்குவது பெரும்பாலும் கோயில் மண்டபத்தில்தான்; சாப்பாடு ஊர் வீடுகளில் சமைத்துத் தருவார்கள். முந்தின நாளே கோயிலாருக்கு ஆள்தொகையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பொழுதுபட்டுப் போய் நின்றால், உலை இறக்கிய வீட்டுக்காரர் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டிவரும். இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பத்துப் பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி, அரைக்கிலோ பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது. காசு நீட்டினால் சிலர் மனம் நோவார்கள்.

அது கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் காலம். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் வற்றுவது தெரியாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பைக்கற் ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) முழுவதையும் கரையுங்கள்; பாதி போட்டு அளவைக் குழப்ப வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வெறுங்காலோடு நடந்தால், பத்து மணிக்குப் பிறகு தார் கொப்புளம் போட்டுவிடும். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள், புண்ணாகும். யானை நடமாடும் இடங்களில் விடிந்தபின் புறப்படுங்கள்.

கேள்வி: புதுச் செருப்பு வாங்கலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். பழகிய செருப்பே போதும்.